நாலாயிரத்து இருநூற்று எழுபத்து மூன்று

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா கடையைத் திறக்க முடியல. இன்னிக்கு ஒரு வரலாற்றுப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஒரு காபியோட உக்காந்துக்குங்க.

டிஸ்கி: இது வேட்டையை ஆதரிச்சு எழுதுற பதிவு இல்லை. வேட்டைக்காரங்களைத் திட்டுற பதிவும் இல்லை. ரெண்டையும் எதிர்பார்த்து வந்தவங்க அப்பீட் ஆகிக்கலாம் :-)

தலைப்புல இருக்கிற எண் என்னன்னு யோசிக்கிறீங்களா? 1938 நவம்பர் 12ஆம் தேதி, ஒரே நாள்ல, ஒரே ஏரியில சுட்டு வீழ்த்தப்பட்ட நீர்ப்பறவைகளோட எண்ணிக்கை. இடம்: ராஜஸ்தான்ல இருக்கிற பரத்பூர். சுட்டவங்க: வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவும் அவர் கூட வந்தவங்களும். மொத்தம் 39 துப்பாக்கி. காலையில 3,044, மத்தியானத்துக்கு மேல 1,229. கூட்டிப் பாருங்க, 4,273 வரும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள்ள, கேவலாதேவ்ங்கிற சிவன் கோயில் பக்கத்துல அந்தக் கல்வெட்டு நிக்குது. தேதி, யார் வந்ததுக்காக நடந்த வேட்டை, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவைன்னு பத்தி பத்தியா இருக்கும். நம்ம ஊர்ல ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த விளக்குக் கணக்கைக் கல்லுல வெட்டின மாதிரி, இவங்க கொன்ன வாத்துக் கணக்கை வெட்டியிருக்காங்க. குர்காவ்ன்ல வேலை பார்த்தப்போ ஒரு டிசம்பர்ல நண்பர்களோட போயிருந்தேன். எங்களைக் கூட்டிட்டுப் போன சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் வழி முழுக்க ஒவ்வொரு பறவைக்கும் பேர் சொல்லிட்டே வந்தார். கல்வெட்டு கிட்ட வந்ததும் இறங்கி, "படிங்க சாப், இது எங்க ஊர் ஸ்கோர் போர்டு"ன்னார். அதைவிடச் சரியா யாராலும் சொல்ல முடியாது.

தண்ணியால ஜெயிச்ச ஊர்

பரத்பூர் ஜாட் ராஜாக்களோட ஊர். கம்பீர், பாணகங்கான்னு ரெண்டு ஆறு வந்து சேர்ற பள்ளமான நிலம். மழைக்காலத்துல வெள்ளம், மத்த நேரத்துல வறட்சி. 18ஆம் நூற்றாண்டுல மகாராஜா சூரஜ்மல் காலத்துல அஜான் பந்த்ங்கிற அணையைக் கட்டினாங்க. வெள்ளத்தைத் தடுக்கவும் ஆச்சு, தேக்கி வைக்கவும் ஆச்சு.

இந்த ஊர் கோட்டைக்கு லோஹாகட்னு பேர். இரும்புக் கோட்டைன்னு அர்த்தம், ஆனா கட்டினது மண்ணால. சுத்தி அகழி. 1805ல ஆங்கிலேயப் படை இதை முற்றுகை போட்டு, திரும்பத் திரும்ப மோதி, பிடிக்க முடியாம சமாதானம் பேசிட்டுப் போச்சு. அந்தப் படைத் தளபதி பேர் என்ன தெரியுமா? லேக் பிரபு! லேக்கையே அகழி வச்சு நிறுத்தின ஊர். (சரி சரி, அடிக்க வராதீங்க.) அப்புறம் 1826ல இன்னொரு முற்றுகையில கோட்டை விழுந்துச்சு.

அப்படி எதிர்த்து நின்ன ஊர், அடுத்த நூற்றாண்டுல அதே வெள்ளைக்காரங்களுக்கு ஏரிக்கரையில விருந்து வைக்குது. அந்தக் காலத்துல ஒரு சமஸ்தானத்தோட மரியாதையை எதை வச்சு அளந்தாங்கன்னா, ராஜா வந்தா எத்தனை பீரங்கிக் குண்டு முழங்கணும்ங்கிறதை வச்சு. பரத்பூருக்கு 17. இந்த மாதிரி ஏணியில நிக்கிறவனுக்கு மேல இருக்கிறவன் தயவு வேணும். வைஸ்ராயை ஊருக்கு வரவைக்க ஒரு காரணம் வேணும். பிகானேர் ராஜா கங்கா சிங், கஜ்னேர்ல கல்கௌதாரி வேட்டைக்குக் கூப்பிட்டார். பரத்பூர் ராஜா வாத்து வேட்டைக்குக் கூப்பிட்டார். இப்ப கம்பெனிக்காரங்க க்ளையண்டை கோல்ஃப் ஆடக் கூட்டிட்டுப் போறாங்களே, அதே சங்கதிதான்.

ஆனா வாத்து வேணும்னா தண்ணி வேணும். அதுவும் சரியான ஆழத்துல. ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன் மாதிரி மேலாக மேயற வாத்துகள் தலையைக் கவுத்துக்கிட்டு சேத்துல இரை தேடும். தண்ணி ஆழமாப் போனா அதுகளுக்கு எட்டாது. அதனால 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில, அந்தப் பள்ளக் காட்டைச் சின்னச் சின்னக் கரைகளாலப் பாத்தி கட்டின மாதிரி பிரிச்சாங்க. வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு பாத்திக்கும் மதகு வச்சு, அஜான் பந்த் தண்ணியைக் கணக்காத் திறந்து விட்டாங்க. நம்ம கழனியில மடை திறக்கிற வேலைதான், இங்கே நெல்லுக்குப் பதிலா வாத்து விளைஞ்சுது. கரை மேலேயே பாதை. நடுவுல துப்பாக்கிக்காரங்க நிக்க இடம்.

1902 டிசம்பர்ல கர்சன் பிரபுவுக்காக முதல் பெரிய வேட்டை. 540 பறவைகள். 1916ல செம்ஸ்ஃபோர்டு பிரபு வந்தப்போ 4,206. அப்புறம் நம்ம தலைப்பு எண். அதை யாரும் முறியடிக்கல.

சரி, இதுல என்ன சுகம்?

இதை நேர்மையாக் கேட்டுப் பார்க்கணும்னு தோணுச்சு. கொடூரம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா எதுவும் புரியாது.

முதல்ல துப்பாக்கி. வாத்து வேட்டைக்கு 12 போர் துப்பாக்கிதான் வழக்கம். அது என்ன 12? குழாய்க்குள்ள சரியாப் பொருந்துற ஈயக் குண்டு மாதிரி 12 உருட்டினா ஒரு பவுண்டு எடை வரும், அதான் 12. ஆனா வாத்துக்கு ஒத்தைக் குண்டு போட மாட்டாங்க, கடுகு மாதிரி சின்னச் சின்ன ஈயச் சில்லுகள். ஒரு 35 மீட்டர் வரைக்கும் பலன் இருக்கும், அதுக்கு மேல சிதறிடும்.

இப்ப நம்ம இன்ஜினியரிங் மூளையைக் கொஞ்சம் உபயோகிப்போம். ஊசிவால் வாத்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல பறக்குதுன்னு வச்சுக்குங்க. நொடிக்கு 22 மீட்டர். ஈயச் சில்லு சராசரியா நொடிக்கு 300 மீட்டர்னா, 35 மீட்டர் போக கிட்டத்தட்ட 0.12 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள்ள வாத்து ரெண்டரை மீட்டர் தாண்டிப் போயிருக்கும். அதாவது வாத்தைப் பார்த்துச் சுட்டா வாத்து சாகாது. வாத்து இன்னும் வந்து சேராத வெறும் வானத்தைப் பார்த்துச் சுடணும். எவ்வளவு முன்னாடிங்கிறதைக் கணக்குப் போட நேரம் கிடையாது. கை தானா பழகணும். கிரிக்கெட்ல பவுண்டரி லைன்ல ஓடிப் போய் கேட்ச் பிடிக்கிறவனுக்குத் தெரியும் அந்த உணர்வு.

அதோட விடியக்காலைக் குளிர், இடுப்பளவு கோரை, பனிமூட்டம், கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே காதுல விழற இறக்கைச் சத்தம். பல மணி நேரம் காத்திருந்து ரெண்டு பறவையோட திரும்பினாலும் மனசு நிறைஞ்சு போகும்னு பழைய வேட்டைக்காரங்க எழுதினதைப் படிச்சா, அது பொய்னு தோணல. காத்திருக்கிறவன் கவனிக்கிறான். கவனிக்கிறவன் கத்துக்கிறான். இந்தியப் பறவையியலோட முதல் தலைமுறை முழுக்க துப்பாக்கி தூக்கினவங்கதான். காங்கிரஸ் ஆரம்பிச்ச ஏ.ஓ. ஹ்யூம் இருக்காரே, அவர் மார்ஷலோட சேர்ந்து இந்திய வேட்டைப் பறவைகளைப் பத்தி மூணு தொகுதி எழுதினவர், 1879லேர்ந்து 1881 வரைக்கும் வந்துச்சு. நம்ம சாலிம் அலி பறவை பக்கம் வந்ததே, சின்ன வயசுல விளையாட்டுத் துப்பாக்கியால ஒரு மஞ்சள் கழுத்துச் சிட்டுக் குருவியைச் சுட்டு, இது என்ன குருவின்னு தெரியாம பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துட்டுப் போனதுனாலதான்.

ஆனா பரத்பூர்ல நடந்தது இந்தச் சுகமான்னு கேட்டா, இல்லைன்னு சொல்வேன். 4,273ஐ 39ஆல வகுத்தா ஆளுக்கு 110 பறவை. பக்கத்துல ஒருத்தன் மருந்து ஏத்திக் கொடுத்துட்டே இருப்பான். சத்தம் கேட்டு எழும்புற பறவைக்கு வேற பெரிய ஏரி பக்கத்துல இல்லாததால, வட்டம் அடிச்சுத் திரும்பத் திரும்ப அதே துப்பாக்கிகளுக்கு மேல வரும். இதுல காத்திருப்பும் இல்லை, கவனிப்பும் இல்லை. வெறும் கொள்முதல் கணக்கு. வேட்டைங்கிற பேர்ல நடந்த அறுவடை. சுகம் பறவையில இல்லை, கல்லுல ஏறப் போற எண்ணுலதான் இருந்திருக்கணும்.

சுடறதுக்காகக் கட்டினது காப்பாத்துச்சு

இனிமேதான் கதையே. 1947க்கு அப்புறம் சமஸ்தானம் போச்சு. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க கேட்டாங்க: ராஜா சுடறதுக்காகத் தண்ணி கட்டின நிலம்தானே, வடிச்சு எங்களுக்குப் பிரிச்சுக் கொடுங்கன்னு. அதுல ஒரு நியாயமும் இருந்துச்சு. சாலிம் அலி நேரு வரைக்கும் போய்ப் பேசினதுனால ஏரி தப்பிச்சுது. 1956ல சரணாலயம் ஆச்சு. ஆனா ராஜா மட்டும் சுடலாம்னு உரிமையை விட்டு வச்சாங்க! பேர் சரணாலயம், உள்ள துப்பாக்கிச் சத்தம். கடைசிப் பெரிய வேட்டை 1964ல. 1972லதான் அந்த உரிமை முழுசாப் போச்சு.

இதே காலத்துல அங்க இன்னொரு வேலையும் நடந்துச்சு. வலசைப் பறவைகளைப் பிடிச்சு, கால்ல வளையம் மாட்டி விடற வேலை. உயிரோட, காயம் இல்லாம ஆயிரக்கணக்குல பிடிக்கணும். எந்தப் பல்கலைக்கழகத்துல இதைச் சொல்லித் தராங்க? பீகார்லேர்ந்து மீர்ஷிகார்ங்கிற பறவை பிடிக்கிற சமூகத்து ஆட்களைத்தான் சாலிம் அலி குழு கூட்டிட்டு வந்துச்சு. பரம்பரை பரம்பரையா வலை விரிச்சவங்க. அதே வித்தை, கடைசியில கழுத்தைத் திருகறதுக்குப் பதிலா கால்ல வளையம். அந்த வளையங்கள்ல நிறைய, சோவியத் யூனியன்லேர்ந்து திரும்பி வந்துச்சு. எப்படின்னு கேட்டா, அங்க இருந்த வேட்டைக்காரங்க சுட்ட வாத்துக் கால்ல பார்த்து, பம்பாய் முகவரிக்குத் தகவல் அனுப்பினாங்க. நம்ம ஊர் வாத்து கோடையில எங்க போகுதுங்கிறதையே ரெண்டு பக்கத்து வேட்டைக்காரங்க சேர்ந்துதான் நமக்குச் சொல்லியிருக்காங்க.

இதுவரைக்கும் நல்ல கதை. 1981ல ராம்சர் பட்டியல், 1982ல தேசியப் பூங்கா, 1985ல உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனா 1982 நவம்பர்ல, உள்ள எருமை மேய்க்கக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. காலங்காலமா அங்க மேய்ச்சவங்க எதிர்த்தாங்க. கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, ஊர்க்காரங்கள்ல சிலர் செத்துப் போனாங்க. அந்தப் பேர்களை எந்தக் கல்லுலயும் வெட்டல.

அப்புறம் என்ன ஆச்சுங்கிறதுதான் கொடுமை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்து வருஷம் அங்க உக்காந்து ஆராய்ச்சி பண்ணினாங்க. எருமை நின்னு போனதும் தண்ணிப் புல் மண்டி ஏரியையே அடைச்சுடுச்சு, வாத்துக்கு நீந்தத் திறந்த தண்ணி இல்லை, மீன் குஞ்சுக்கு இடம் இல்லைன்னு முடிவு வந்துச்சு. எருமைதான் இத்தனை வருஷமா சம்பளம் இல்லாம புல் வெட்டிட்டு இருந்திருக்கு! சாஃப்ட்வேர்ல பழைய கோடுல ஒரு வரி எதுக்குன்னே தெரியாம இருக்கும், தேவையில்லைன்னு தூக்கினா மொத்த சிஸ்டமும் படுத்துடும். அது மாதிரி. பின்னாடி ஊர்க்காரங்களைப் புல் அறுக்க உள்ள விட்டாங்க. சீமைக் கருவேலம் பரவினப்போ, அதை வெட்டவும் அவங்களையே கூப்பிட்டாங்க.

தண்ணிக் கதை இன்னும் மோசம். கம்பீர் ஆத்துக்கு மேல பாஞ்சனா அணை வந்தது. 2000களோட நடுவுல மழையும் பொய்ச்சப்போ, அணைத் தண்ணி பறவைக்கா விவசாயிக்கான்னு சண்டை. ஏரி காய்ஞ்சு, பறவைகள் வராமப் போச்சு. பூங்காவுக்கு வருஷத்துக்கு வேண்டிய தண்ணி 550 மில்லியன் கன அடின்னு சொல்றாங்க. நம்ம காவிரிக் கணக்குல சொன்னா அரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான். அதுக்கே அல்லாடி, அப்புறம் கோவர்தன் வடிகால்லேர்ந்தும் சம்பல் ஆத்துலேர்ந்தும் தண்ணி கொண்டு வர ஏற்பாடு பண்ணினாங்க. 1960கள்ல 200 வரைக்கும் வந்த சைபீரியக் கொக்கு, 2001-02 குளிர்காலத்துல ஒரே ஒரு ஜோடி வந்துச்சு. அதுக்கப்புறம் வரல. அதுகளுக்குப் பரத்பூர் மட்டும் காரணம் இல்லை, வழியில இருந்த நாடுகள்லயும் வேட்டை, ஏரி அழிவுன்னு எல்லாமே சேர்ந்துதான்.

நம்ம ஊர் ஏரி

இதைப் படிச்சப்போ எனக்கு வேடந்தாங்கல் ஞாபகம் வந்துச்சு. பேர்லயே வேடன் இருக்கான், கவனிச்சிருக்கீங்களா? செங்கல்பட்டுப் பக்கம் தாங்கல்னா சின்ன ஏரி. 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க அங்க வந்து பறவைகளைச் சுட ஆரம்பிச்சப்போ, ஊர்க்காரங்க நேரா கலெக்டர் கிட்டப் போய் முறையிட்டாங்க. கலெக்டர் யாரு? லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில வர்ற அதே துரைதான். 1798ல, பறவைகளைக் காக்கிற உரிமையை ஊருக்கே கொடுத்து எழுதிக் கொடுத்தார். 1858ல அதைப் புதுப்பிச்சாங்க.

ஊர்க்காரங்க கருணையால மட்டும் போகல. நீர்க்கடம்பு மரத்துல கூடு கட்டற பறவைகளோட எச்சம் ஏரியில விழுந்து, அந்தத் தண்ணி வயலுக்குப் பாயும்போது உரமாகுது. பறவை போனா மகசூல் போகும். இது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தீபாவளிக்கு வெடி வெடிக்காம இருக்கிற வழக்கம் அந்த ஊர்ல வந்தது எந்தச் சட்டத்தாலும் இல்லை.

ரெண்டுமே மனுஷன் கட்டின ஏரி. ஒண்ணு சுடறதுக்காகத் தண்ணி கட்டினது. இன்னொண்ணு சுடக் கூடாதுன்னு ஊர் எழுதி வாங்கினது. 29 சதுர கிலோமீட்டர் பரத்பூரோட ஒப்பிட்டா வேடந்தாங்கல் ஏரி ஒரு மூலைக்குக் காணாது, வெறும் 30 ஹெக்டேர்தான். 2022ல அதுவும் ராம்சர் பட்டியல்ல சேர்ந்துடுச்சு.

எனக்குத் தோணுறது இதுதான். துப்பாக்கியை நிறுத்தறது சுலபமான பாதி. ஒரு சட்டம், ஒரு காவலாளி போதும். வருஷா வருஷம் மதகு திறந்து தண்ணி விடறது கஷ்டமான பாதி. அதை பரத்பூர்ல ஒரு காலத்துல ராஜாவோட பெருமை செஞ்சுது, வேடந்தாங்கல்ல விவசாயியோட லாபம் செஞ்சுது. பரத்பூர்ல ராஜாவுக்கு அப்புறம் வந்த அரசாங்கம் மேய்ச்சலைத் தடுத்து ஊரை வெளியில நிறுத்துச்சு. வேடந்தாங்கல்ல ஊர்தான் சுவர். 2020ல அந்தச் சரணாலயத்தோட அஞ்சு கிலோமீட்டர் சுற்றெல்லையைக் குறைக்கலாம்னு ஒரு முன்மொழிவு வந்தப்போ எழுந்த எதிர்ப்பைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

உங்க ஊர்ப் பக்கம் பறவை வந்த ஏரி ஏதாவது இருக்கா? அதுக்கு இப்ப யார் மடை திறக்கிறாங்க? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க. சும்மா "அருமை"ன்னு போட்டுட்டு ஓடறவங்களுக்கு ஒரு தட்டைவாயன் பரிசு :-)